பேய்த்தேர் ஓடும் நிலம்

கானல் நீருக்குத் தமிழில் பேய்த்தேர் என்றொரு பழம்பெயர் உண்டு. வெயில் கொதிக்கும் வெட்டவெளியில் தண்ணீர் போல எதுவோ அசைகிறது; கிட்டப் போகப் போக அது எட்டிப் போகிறது. வடமொழி இதில் மானின் தாகத்தைக் கண்டு மிருகத்ருஷ்ணை என்று பெயரிட்டது. தமிழ் இதைப் பேய் ஏறிப் போகும் தேராகக் கண்டது. தமிழர் தங்கள் பேயை எந்த நிலத்தில், எந்த நேரத்தில் குடிவைத்தார்கள் என்பதை இந்த ஒரு சொல்லே காட்டிவிடுகிறது. நிலம் பாலை. நேரம் உச்சிப்பொழுது.

அரேபியாவிலோ ராஜஸ்தானிலோ உள்ளது போன்ற பெரும் மணல்வெளி தமிழ்நாட்டில் இல்லை. தென்கோடியின் தேரிக்காடுகள் மட்டும் அந்தத் தோற்றத்துக்குச் சற்று அருகில் வரும். ஆனாலும் சங்கப் புலவர்கள் திரும்பத் திரும்பப் பாடிய நிலம் பாலைதான். அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலைத் திணைக்கு உரியவை, நூலில் சரிபாதி. இல்லாத நிலத்தை இவ்வளவு பாடுவானேன் என்ற கேள்விக்குத் தொல்காப்பியத்தில் பாதி விடை கிடைக்கிறது. மாயோன், சேயோன், வேந்தன், வருணன் என்று நான்கு தெய்வங்களை நான்கு நிலங்களுக்குப் பங்கிட்ட அந்த நூல், பாலைக்குத் தனி நிலமோ தெய்வமோ தரவில்லை. பொழுதை மட்டும் தந்தது: வேனிற்காலம், பின்பனிக்காலம், நண்பகல். மீதி விடையைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. மழை பொய்த்து, கோடை நீண்டு, காடும் மலையும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் அதுவே பாலை. ஆக, பாலை என்பது முல்லைக்கும் குறிஞ்சிக்கும் வரும் நோய்.

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்துப் பூலாம்பாடியில் நிற்பவருக்கு இந்த இலக்கணம் புத்தகச் செய்தியாகத் தோன்றாது. ஊருக்கு ஒரு பக்கம் பச்சைமலைத் தொடர். மறுபக்கம் மானாவாரிக் கொல்லைகள். மலை குறிஞ்சி என்றால் கொல்லை முல்லை. வடகிழக்குப் பருவமழை ஒழுங்காகப் பெய்த ஆண்டில் மக்காச்சோளமும் பருத்தியும் ஆளுயரம் நிற்கும். மழை ஏமாற்றிய ஆண்டில் பங்குனி பிறக்கும் முன்பே ஓடைகளில் மணல் மட்டும் மிஞ்சும். மலைச்சரிவு காவி நிறமாகும். நடுப்பகலில் கொல்லைக்கு மேலே காற்று நெளியும். அதே ஊர், அதே மண், சில மாதங்களில் வேறு திணை. தாது வருடப் பஞ்சம் என்று பெரியவர்கள் வாயில் வழங்கும் 1876–78ஆம் ஆண்டுப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்களைக் கொண்டுபோனது. பாலை எங்கோ தொலைவில் இருப்பதில்லை, வந்து போவது என்பது வறட்சிச் சீமைக்காரர்கள் பட்டு அறிந்த உண்மை.

சங்கப் பாடல்களின் பாலை வழியெங்கும் இறந்தவர்கள் கிடக்கிறார்கள். ஆறலைக்கும் மறவரின் அம்புக்கு இரையான வழிப்போக்கர்களைப் புதைக்க ஆளில்லாமல், கல்லையும் தழையையும் குவித்து மூடிவிட்டுப் போனார்கள். அந்தக் குவியலுக்குப் பதுக்கை என்று பெயர். ஆநிரை மீட்டு விழுந்த வீரனுக்கோ நடுகல் கிடைத்தது: பெயரும் பீடும் பொறித்த கல், அதற்கு மயிற்பீலி, படையலுக்குக் கள். ஒரே வழியில் ஒருவன் தெய்வமாகிறான், இன்னொருவன் பெயரில்லாத கற்குவியலாகிறான். பிற்காலத் தமிழ்நாட்டில் நல்ல சாவுக்கும் துர்ச்சாவுக்கும் இடையே மக்கள் போட்ட கோடு இங்கேயே தொடங்கிவிட்டது. பாலைப் பாடல்களில் பதுக்கையைக் கடந்து போகும் தலைவனை நினைத்து வீட்டில் இருப்பவள் நடுங்குவது வெறும் கவிதை மரபால் வந்த நடுக்கமாகத் தெரியவில்லை.

பேய் அந்தக் காலத்தில் முதலில் தென்படுவது போர்க்களத்தில். அங்கே அதற்கு இரண்டு வேலைகள். தொல்காப்பியப் புறத்திணையியல், புண்பட்டுக் கிடக்கும் வீரனுக்குச் சுற்றத்தார் யாரும் இல்லாதபோது பேயே காவல் இருப்பதைத் தனித் துறையாகச் சொல்கிறது. யாருமற்றவனுக்குப் பேய் துணை! பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலையோ அதே களத்தில் வீழ்ந்தவனைப் பேய் அச்சுறுத்துவதைப் பேய்க்காஞ்சி என்ற துறையாக்கியது. காவலும் அச்சமும் ஒரே உருவத்தில் சேர்ந்தே இருந்தன.

வீட்டுக்குத் தூக்கி வரப்பட்ட வீரனின் கதை வேறு. குருதி வாடைக்குப் பேய் தேடி வரும். அது தொட்டால் அவன் பிழைக்க மாட்டான். ஆகவே மனைவி காவல் இருக்கிறாள். புறநானூற்றில் அரிசில்கிழார் பாடிய 281ஆம் பாட்டு அந்த வீட்டைக் கண்முன் நிறுத்துகிறது. வீட்டு இறைப்பில் இரவ மரத்துத் தழையையும் வேப்பிலையையும் செருகுகிறார்கள். ஒருபக்கம் யாழும் மற்ற இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன. காயத்துக்கு மெதுவாக மை இழுகுகிறார்கள், வெண்கடுகைத் தூவுகிறார்கள், குழல் ஊதுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், காஞ்சிப் பண் பாடுகிறார்கள், நறும்புகை எழுப்புகிறார்கள். இவற்றில் யாழும் காஞ்சிப் பண்ணும் போய்விட்டன. வேப்பிலையும் கடுகும் புகையும் மணியும் பெரம்பலூர்ப் பக்கத்து எந்த வீட்டிலும் இன்றும் இருக்கின்றன. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பங்கொத்து செருகுகிறவர்களும், குழந்தைக்குக் கடுகும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுகிறவர்களும் செய்வது இரண்டாயிரம் ஆண்டு வயதான செயல்.

களத்துக்கு அடுத்து சுடுகாடு. தாயங்கண்ணனாரின் பாட்டில் அது களர் படர்ந்து கள்ளி முளைத்த இடம்; கூகை பகலிலேயே குழறுகிறது; எரியும் சிதைகளே விளக்கு; அங்கே பேய்மகளிர். நகரத்துக்குள் உருவான சின்னஞ்சிறு பாலை என்றே அதைச் சொல்லலாம். திருமுருகாற்றுப்படை பேய்மகளை மேலும் நெருங்கிப் பார்க்கிறது: வறண்ட தலைமயிர், ஒழுங்கற்ற பல், சுழலும் பச்சைக் கண், காதணியாகக் கூகையும் பாம்பும். அவள் பிணத்தைத் தின்றபடி துணங்கைக் கூத்து ஆடுகிறாள். மணிமேகலையில் புகார் நகரத்துச் சக்கரவாளக் கோட்டத்துக்குள் வழி தெரியாமல் நுழைந்த சார்ங்கலன் என்ற சிறுவன், தலையொன்றை ஏந்தி ஆடும் பேயைக் கண்ட அதிர்ச்சியில் இறந்துபோகிறான். கண்ணிழந்த தாய் கோதமை மகனின் உடலோடு வந்து, காவல்தெய்வமான சம்பாபதியிடம் நியாயம் கேட்கிறாள். பேய் உயிர் உண்ணாது என்கிறது தெய்வம். அவன் அறியாமையைப் பற்றிக்கொண்டு ஊழ்வினையே வந்து உயிரை உண்டது என்று விளக்கம் சொல்கிறது. பௌத்தம் சொன்ன அந்த விடை பேயின் மீது பழி போடவில்லை. ஆனால் கதையில் மறக்க முடியாதது அந்த விடையல்ல, கோதமையின் அழுகைதான்.

பேயுருவை ஒருத்தி தானே கேட்டுப் பெற்றது தமிழ் வரலாற்றில் பெரும் திருப்பம். காரைக்கால் வணிகக் குடும்பத்துப் புனிதவதி, மாங்கனி அற்புதத்தைக் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன் தன்னைத் தெய்வமெனக் கருதி விலகியபின், உடலின் அழகைக் கழற்றிப் பேயுருவம் வேண்டினாள். அவளே காரைக்கால் அம்மையார். காலம் ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டு. அவர் திருவாலங்காட்டைப் பாடிய பதிகங்களில் சுடுகாடு அருவருப்பான இடமாக இல்லை. குடும்பங்கள் வாழும் ஊராக இருக்கிறது. ஒரு பேய்த்தாய் தன் பிள்ளைக்குக் காளி என்று பேர் வைக்கிறாள், பால் கொடுக்கிறாள், எங்கோ போகிறாள். அம்மாவைக் காணாமல் பிள்ளை அழுது, அழுதபடியே தூங்கிவிடுகிறது. சூழ எரியும் பிணங்களுக்கு நடுவே தாலாட்டு இல்லாமல் தூங்கிப்போன அந்தப் பேய்க்குழந்தையைப் போல ஒரு காட்சி, உலகின் பேய்க்கதைகளில் எளிதாகக் கிடைக்காது.

அம்மையாரின் எலும்புருவம் பெரம்பலூருக்குக் கிழக்கே, இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் கல்லில் இருக்கிறது. கங்கைப் படையெடுப்புக்குப் பின் முதலாம் இராசேந்திரன் எழுப்பிய பெரிய கோயிலின் புறச்சுவரில், ஆடவல்லானின் மாடத்தில், காளியும் அம்மையாரும் உடன் உள்ளனர். வடக்கே வென்று வந்ததற்குச் சாட்சியாக வேறு சிற்பங்களும் இந்த வட்டாரத்துக்கு வந்தன. அருகில் உள்ள செங்கமேட்டில் வழிபாட்டில் இருக்கும் காளி, பைரவர் உருவங்கள் கலிங்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை. கல்லும் அணிகலனும் செதுக்குமுறையும் சோழநாட்டுக்குரியவை அல்ல என்பது முதல் பார்வையிலேயே தெரியும். கலிங்கக் காளி சோழத் தலைநகருக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்து ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டு கழித்து, அதே நகரத்து அரசனின் கலிங்கப் போரைப் பாட வந்த புலவர், பாட்டின் நடுவே காளியையே அமர்த்தினார்.

அந்தப் புலவர் தீபங்குடி சயங்கொண்டார், நூல் கலிங்கத்துப்பரணி. போரில் ஆயிரம் யானைகளைக் கொன்று வென்றவன் மீது பாடுவது பரணி என்று பாட்டியல் நூல்கள் சொல்லும். கொப்பத்துப் போர், கூடல சங்கமப் போர் ஆகியவற்றின் மீது முன்பே பரணிகள் இருந்தன; அவை கிடைக்கவில்லை. கிடைத்தவற்றில் மூத்தது இது. கிபி 1110ஐ ஒட்டி, முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்க மன்னன் அனந்தவர்மன் சோடகங்கன் மீது படையெடுத்ததே பொருள். இரண்டு முறை திறை கட்டவில்லை என்பது நூல் சொல்லும் காரணம். ஆனால் நூலைத் திறந்ததும் அரசனும் வருவதில்லை, படையும் வருவதில்லை. முதலில் கடவுள் வாழ்த்து, கடைதிறப்பு. அடுத்து காடு பாடியது, கோயில் பாடியது, தேவியைப் பாடியது, பேய்களைப் பாடியது. பதின்மூன்று பகுதிகளில் போர் பன்னிரண்டாவதாகத்தான் வருகிறது. அதுவரை வாசகர் இருப்பது பாலையில், பேய்களோடு.

அந்தக் காட்டின் வெப்பம் மிகைதான், ஆனால் மிகை எங்கும் தடுமாறவில்லை. நிலம் பிளந்து கிடக்கிறது. மரங்கள் கரிந்து நிற்கின்றன. நிழல்கூட அங்கே நிற்கப் பயந்து ஓடிவிடுகிறது. நடுவே காளி கோயில். அதன் கட்டுமானப் பொருள்கள் உடற்கூறுகள்: குருதி, நிணம், மன்னர் தலைகள். வீரர்கள் தங்கள் தலையைத் தாங்களே அரிந்து பலிபீடத்தில் வைக்கிறார்கள். அரிந்த தலை தேவியைத் துதிக்கிறது. தலையற்ற உடல் கும்பிட்டு நிற்கிறது. இது புலவரின் கற்பனை மட்டுமல்ல. கழுத்தில் வாளை வைத்துத் தன்னை அரியும் வீரனின் நவகண்ட, அரிகண்டக் கற்கள் தமிழகத்தின் பல ஊர்களில் இருக்கின்றன.

இந்தக் கோயிலைச் சுற்றி இருப்பவை பேய்கள். பனங்காடு முழுவதும் காலும் கையுமாக நடந்து வந்தது போன்ற நெடிய உடல், குகை போன்ற வாய், ஒட்டிய வயிறு. இவ்வளவு பயங்கரமாக வருணித்துவிட்டு, சயங்கொண்டார் அவற்றைக் காளியின் சபையில் நிறுத்தி முறையிட வைக்கிறார். பேய் முறைப்பாடு என்றே ஒரு பகுதி. முறையீடு ஒன்றுதான்: பசி. போரே இல்லாத நாட்டில் பிணத்துக்கு எங்கே போவது? தாங்க முடியாத பசி, காளிக்கு அடியாராய் இருந்தும் தீராத பசி என்று அவை அழுகின்றன. கோடையில் வட்டாட்சியர் அலுவலக வாசலில் குடத்தோடு நிற்கும் கூட்டத்தின் குரல் இந்தப் பகுதியில் கேட்கிறது. சோழநாட்டுப் பெரும்புலவர் ஒருவர் பேயின் வாயில் வறட்சியின் சொற்களை வைத்தது தற்செயலாக இருக்க முடியாது. அவர் பாலையை அறிந்தவர்.

நூலின் வரலாற்றில் பெரும்பகுதி பேய்களின் வாயிலாகவே வருகிறது என்பது இன்னும் வியப்பானது. இமயத்துக்கு ஓடிப்போய் ஒளிந்திருந்த முதுபேய் ஒன்று திரும்பி வந்து, அங்கே கற்ற இந்திரசாலத்தைக் காளிக்குக் காட்டுகிறது. அதோடு கரிகாலன் இமயத்தில் பொறித்து வைத்த சோழர் குலவரலாற்றையும் மனப்பாடமாகச் சொல்கிறது. இராசபாரம்பரியம் என்ற அந்தப் பகுதியில் பரம்பரை முழுவதும் அடுக்கி வருகிறது. பிறகு கலிங்கத்திலிருந்து ஓடிவரும் கூளி ஒன்று போர்ச் செய்தியைக் கொண்டுவருகிறது: தொண்டைமான் ஆறுகளைக் கடந்து வடக்கே போனது, கலிங்கர் சிதறியது, சிலர் சமணர் போலவும் அந்தணர் போலவும் பாணர் போலவும் வேடமிட்டுத் தப்பியது எல்லாம் அதன் வாய்மொழி. நீலகண்ட சாத்திரி முதலிய வரலாற்றாசிரியர்கள் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த இந்தச் செய்திகளை நூலுக்குள் நினைவில் வைத்திருந்தது பேய்க்கூட்டம். சாகாததால் மறக்காத ஒன்றிடம் அரசமரபின் கணக்கை ஒப்படைப்பது, யோசித்துப் பார்த்தால், மிகப் பொருத்தமான ஏற்பாடு.

செய்தி வந்ததும் பேய்கள் களத்துக்கு ஓடுகின்றன. காளி சமையலுக்கு உத்தரவிடுகிறாள். கூழ் அடும் அந்தக் காட்சியை ஒரு கிராமத்துப் பெண்ணின் கண்ணோடுதான் படிக்க வேண்டும். முதலில் பல் துலக்கி, குளித்து, தலை வாரிக் கொள்கின்றன. யானைத் தலைகள் அடுப்புக் கற்கள், குருதி உலைநீர், உதிர்ந்த பற்கள் அரிசி, முரசம் உரல், யானைத் தந்தம் உலக்கை. இடிக்கும்போது வள்ளைப்பாட்டு பாடுகின்றன; பாட்டில் அபயன் குலோத்துங்கனும் தொண்டைமானும் வருகிறார்கள். பிறகு பரிமாறல். குருட்டுப் பேய்க்கு, ஊமைப் பேய்க்கு, கருவுற்ற பேய்க்கு, பார்ப்பனப் பேய்க்கு, சமணப் பேய்க்கு, புத்தப் பேய்க்கு என்று தனித்தனியே கேட்டு, அததன் வழக்கத்துக்கு ஏற்பக் கூழ் வார்க்கச் சொல்கிறார் புலவர். யாரும் பசியோடு போகக் கூடாது. ஆடி மாதம் இந்த மாவட்டங்களின் அம்மன் கோயில்களில் கேழ்வரகுக் கூழைத் தவலையில் காய்ச்சி, சாதி பேர் கேட்காமல் சொம்பு நீட்டியவருக்கெல்லாம் ஊற்றும்போது நடப்பதும் இந்தப் பந்திதான். உணவு மட்டும் வேறு.

மற்ற பாலைவனங்களின் இறவாத உருவங்களை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். இஸ்லாத்துக்கு முந்தைய அரபுக் கதைகளின் கூல், பாலையில் உருமாறி வழிப்போக்கரைத் திசைதப்ப வைத்து அழிக்கும். 1704 முதல் ஆயிரத்தொரு இரவுகளைப் பிரெஞ்சில் கொண்டுவந்த அந்துவான் கலாந், அதைக் கல்லறை தோண்டிப் பிணம் தின்னும் ஒன்றாக ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தினார். 1932இல் வெளிவந்த தி மம்மி படத்தில் எகிப்தியப் பூசகன் இம்ஹோதெப் கல்லறையிலிருந்து எழுந்தான். 1991இல் வந்த டார்க் சன் என்ற அமெரிக்க வேடமேற்று விளையாட்டின் உலகம், மந்திரமே உறிஞ்சிக் கருக்கிய பாலை. அதில் டிரெகோத் என்ற மந்திர அரசன், சக அரசர்களால் கொல்லப்பட்டபின் உயிரற்ற உடலோடு எழுந்து, தன் பாழ்நகரத்துக்கு அடியில் ஆட்சி நடத்துகிறான். அங்கெல்லாம் இறவாதவன் பகைவன்; சில வேளை அரசனாயிருந்து அதிகாரத்தை விட மறுத்தவன். தமிழ்ப் பாலையிலோ இறவாதவை குடிமக்கள், கூட்டமாக இருப்பவை, பசித்திருப்பவை. அரசர்கள் அவற்றுக்குச் சமையற்பொருள். பரணி பாடப்பட்ட கங்கைகொண்ட சோழபுரமும் பின்னர் பாழ்நகரமாகத்தான் ஆனது. அரண்மனை இருந்த இடம் இன்று மாளிகைமேடு, தோண்டினால் செங்கல். கோயில் மதிலின் கற்களும் 1836இல் கொள்ளிடத்துக் கீழணை கட்டக் கொண்டுபோகப்பட்டன. ஆனால் அந்த இடிபாட்டுக்கு அடியில் இறவாத சோழன் ஒருவன் காத்திருப்பதாக மரபு சொல்லவில்லை. தமிழ் மனம் பேயை அரண்மனைக்குள் தேடியதே இல்லை.

அது தேடியது தரிசில், புளியமரத்தில், உச்சிவேளையில். செஞ்சி வட்டாரத்தில் கள ஆய்வு செய்து 2000இல் நூல் வெளியிட்ட இசபெல் நபோகோவ், பேய் பிடிப்பது பற்றிய கிராமத்து விவரங்களைத் துல்லியமாகப் பதிவு செய்தார். பிடிபடுபவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள், குறிப்பாகப் புதிதாக மணமானவர்கள். பிடிக்கும் இடம் ஊருக்கு வெளியே உள்ள தரிசு. பிடிப்பது பெரும்பாலும் காலம் முடியாமல் செத்தவன், காதல் கைகூடாமல் தற்கொலை செய்துகொண்டவன். பம்பையும் உடுக்கையும் அடித்துப் பேயைப் பேசவைத்து, அதன் பெயரையும் செத்த விதத்தையும் கேட்பார்கள். முடிவில் பெண் கனமான கல்லைத் தூக்கிக்கொண்டு புளியமரத்துக்கு ஓடுவாள். அவளுடைய முடிக்கற்றை ஒன்றை மரத்தில் ஆணி வைத்து அறைந்து அறுப்பார்கள். பதுக்கைக் கல்லும் பாலை வழியும் இறந்தவனின் பசியும் பிரிவும் இந்தச் சடங்கில் அப்படியே இருக்கின்றன. பிரிவே பாலையின் உரிப்பொருள் என்று இலக்கணம் சொன்னதற்கு இதைவிட நேரான உதாரணம் கிடையாது.

நேரமும் மாறவில்லை. பெரம்பலூர், அரியலூர்க் கிராமங்களில் உச்சிவேளையில் முனி நடமாடும் என்று சிறுவர்களைக் கொல்லைக்கு விடமாட்டார்கள். பட்டப்பகலில் கறிச்சோறு எடுத்துப் போகிறவள் தூக்குவாளி மேல் ஒரு கரித்துண்டையோ ஆணியையோ வைத்துக்கொள்வாள். கல்யாணமான புதிதில் பெண்ணைத் தனியே வயலுக்கு அனுப்புவதில்லை. ஐரோப்பியப் பேய் நள்ளிரவுக்குரியது. தமிழ்ப் பேய்க்கு நள்ளிரவும் உண்டு, நண்பகலும் உண்டு. நாற்பது டிகிரி வெயிலில் நிழலில்லாத வழியில் தனியே போகும் ஒருத்திக்கு மயக்கம் வரும் என்பது உண்மை. அந்த உண்மையைக் காக்கும் வேலையைப் பல தலைமுறைகளாகப் பேய் செய்தது. ஆனால் அதே நம்பிக்கை பெண்ணின் மனநோய்க்கு மருத்துவம் கிடைக்காமல் தடுத்ததும், சவுக்கடி வாங்க வைத்ததும் உண்டு. அதை மறைத்து எழுதினால் இந்த வரலாறு பாதி வரலாறாகிவிடும்.

இந்த வட்டாரத்தில் ஓர் உண்மையான வில்லனும் இருக்கிறான். ஆனால் அவன் பேய் அல்ல, உயிருள்ள மனிதன். பெரம்பலூருக்குத் தெற்கே திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள சிறுவாச்சூரின் தலபுராணம் அவனை மந்திரவாதி என்று மட்டும் சொல்கிறது, பெயர் சொல்வதில்லை. ஊரின் தெய்வம் செல்லியம்மனை அவன் மந்திரத்தால் கட்டி, தன் ஏவலுக்கு ஆளாக்கி வைத்திருந்தான். மதுரையை எரித்த சினம் ஆறாமல் வந்த கண்ணகியே காளியாகி, ஓர் இரவு தங்க இடம் கேட்டாள். அஞ்சிய செல்லியம்மன் நடந்ததைச் சொன்னாள். வந்தவள் மந்திரவாதியை அழித்தாள். செல்லியம்மன் ஊரை அவளிடம் விட்டுவிட்டுப் பெரியசாமி மலைக்குப் போனாள். வந்தவளே மதுரகாளியம்மன். அதனால் இன்றும் அவள் கோயில் வழக்கமாக நடை திறப்பது திங்களும் வெள்ளியும் மட்டுமே. மற்ற நாட்களில் அவள் மலையில் செல்லியோடு இருப்பதாக நம்பிக்கை. தெய்வத்தைச் சிறைவைத்தவன் மனிதன், மீட்டவள் பாலைவழியே நடந்து வந்த இன்னொரு பெண் என்று ஓர் ஊர் தன் கதையை அமைத்துக்கொண்டது கவனிக்கத்தக்கது. சிலப்பதிகாரத்து வேட்டுவவரியில் எயினர் மகள் கொற்றவை வேடமேற்று, கண்ணகியைப் புகழ்ந்து ஆடுவதும் பாலையில்தான். சிறுவாச்சூரில் மாவிளக்கு போடுகிறவர்கள் ஊறவைத்த அரிசியைக் கோயில் வளாகத்திலேயே உரலில் இடிப்பது வழக்கம். வெள்ளிக்கிழமை காலையில் உலக்கைகள் மாறி மாறி விழும் ஓசை பரணியின் வள்ளைப்பாட்டுப் பகுதியைப் படித்தவருக்கு அறிமுகமானதாக இருக்கும்.

பூலாம்பாடிக்குப் பக்கத்து ஊரான அரும்பாவூரில் பழைய உருவங்களில் ஒன்று இன்னும் பிறந்துகொண்டிருக்கிறது. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் மரச்சிற்பம், பச்சைமலைப் பகுதியின் மரத்தை நம்பி வளர்ந்த தொழில். மா, வாகை, வேம்பு போன்ற மரங்களில், கூடுமானவரை ஒட்டுப்போடாமல் ஒரே துண்டில் செதுக்குவது இவர்கள் வழக்கம். தேர்ச் சிற்பங்களோடு கோயில் வாகனங்களும் இங்கே உருவாகின்றன. சிவன் கோயில்களுக்கான வாகனங்களில் ஒன்று பூத வாகனம். பூதமும் பேயும் ஒன்றல்ல. பூதம் சிவகணம், பேய் செத்தவரின் நிழல். ஆனாலும் சிற்பியின் உளி இரண்டையும் ஒரே முகத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது: பிதுங்கிய விழி, காதுவரை கிழிந்த வாய், கோரைப் பல். முகம் முடிந்ததும் தோள்களை அகலமாகவும் தட்டையாகவும் செதுக்குகிறார்கள். திருவிழாவின் ஓர் இரவில் அந்தத் தோள்மேல்தான் சாமி அமர்ந்து வீதி வருவார்.